காணாமல் போன திரவம் எங்கே போனது?

எரிவாயுக் கூடத்தில் துப்பறியும் வேலை கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது

ஷா ஆலம் தொழிற்பேட்டைகளில் இரவு பகலாக பர்னர்கள் எரிகின்றன. ஓரிடத்தில் கண்ணாடி உருகுகிறது. இன்னோரிடத்தில் ரொட்டி வேகிறது. கிள்ளானை அடுத்த மேருவில் ரப்பர் கையுறைகள் சூட்டில் காய்கின்றன. இந்த நீலச் சுடருக்கு எரிபொருளாக இருப்பது குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு. தொழிற்சாலைகளுக்கு அதை விநியோகிக்க 1992-இல் தொடங்கப்பட்ட கேஸ் மலேசியா நிறுவனத்தின் தலைமையகமும் ஷா ஆலமில்தான் இருக்கிறது.

அந்த வாயு இங்கே பிறப்பதில்லை. திரெங்கானுக்கு அப்பால் கடலுக்கடியில் இருந்து எடுக்கப்பட்டு, கெர்த்தேயிலும் பாக்கா அருகே சந்தோங்கிலும் உள்ள கூடங்களில் சுத்தம் செய்யப்பட்டு, தீபகற்ப எரிவாயுப் பயன்பாட்டுத் திட்டத்தின் குழாய்கள் வழியாக நம் பக்கம் வருகிறது. அத்திட்டத்தின் முதல் கட்டம் 1984-இல் முடிந்தது. இன்று அந்தக் குழாய்களின் மொத்த நீளம் 2,500 கிலோமீட்டருக்கும் மேல்.

நான் எரிவாயுக் கூடங்களில் செயல்முறைப் பொறியாளராக வேலை செய்கிறேன். பள்ளிகளில் பேசப் போகும்போது மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “உங்கள் வேலை என்ன?” என்பதுதான். “காணாமல் போன திரவத்தைத் தேடுவது” என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மை. அந்தத் தேடலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதைச் செய்ய எஸ்.பி.எம். வேதியியலும் இயற்பியலும் தந்த அடிப்படையே பாதிக்கு மேல் போதும். மீதிக்குப் பொறுமை வேண்டும்.

திரவத்தை ஏன் பிரிக்க வேண்டும்?

கிணற்றிலிருந்து வரும் வாயு தனியாக வருவதில்லை. தண்ணீர், பெட்ரோலைப் போன்ற இலேசான எண்ணெய், மணல், துரு எல்லாம் கலந்தே வரும். தண்ணீரை அப்படியே விட்டால் குழாய் துருப்பிடிக்கும். அழுத்தமும் குளிரும் சேர்ந்தால், தண்ணீரும் வாயுவும் இணைந்து பனிக்கட்டி போன்ற திண்மம் ஒன்று உருவாகும். அதற்கு ஹைட்ரேட் என்று பெயர். அது குழாயையே அடைத்துவிடக் கூடியது. திரவத் துளிகள் கம்பிரசருக்குள் போனாலும் ஆபத்து. வாயுவை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் திரவம் மோதினால் உள்பாகங்கள் உடையும்.

அதனால் வழியில் பல இடங்களில் செப்பரேட்டர் எனப்படும் பிரிப்புக் கலங்கள் நிற்கின்றன. பெரிய எஃகு உருளைதான் அது. உள்ளே நடப்பது மூன்று காரியங்கள். முதலில் வாயு ஒரு தடுப்பில் மோதித் திசை மாறுகிறது. கனமான திரவம் திரும்ப முடியாமல் கீழே விழுகிறது. பிறகு வாயு அகலமான இடத்தில் மெதுவாக மேலே போகிறது. நடுத்தரத் துளிகள் புவியீர்ப்பால் இறங்குகின்றன. கடைசியில் மேலே கம்பி வலையால் ஆன ஒரு தடித்த மெத்தை இருக்கிறது. நுண்ணிய துளிகள் அந்தக் கம்பிகளில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிதாகிக் கீழே சொட்டுகின்றன.

நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரோன். நல்ல கம்பி வலை சுமார் 10 மைக்ரோன் அளவுத் துளிகளைக்கூடப் பிடித்துவிடும். வலை இல்லாமல் புவியீர்ப்பை மட்டும் நம்பினால் இது முடியாது. நுண்ணிய துளியின் விட்டம் பாதியானால் அது விழும் வேகம் காற்பங்காகக் குறைந்துவிடும். மேலே போகும் வாயு அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

வாயு எவ்வளவு வேகமாக மேலே போகலாம் என்பதற்கும் ஒரு சூத்திரம் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோட் சௌடர்ஸ், ஜார்ஜ் பிரவுன் என்ற இருவர் 1934-இல் வெளியிட்டது. திரவத்தின் அடர்த்தியிலிருந்து வாயுவின் அடர்த்தியைக் கழித்து, அதை வாயுவின் அடர்த்தியால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். கிடைப்பதுதான் அனுமதிக்கத்தக்க வேகம். தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் இன்றும் நாங்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

ஐந்து சந்தேக நபர்கள்

பிரிப்புக் கலத்தில் பிடிபட வேண்டிய திரவம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது கூடத்துக்குள்ளேயே சுற்றிவர வேண்டிய விலையுயர்ந்த திரவத்தை அடிக்கடி ஊற்றி நிரப்ப வேண்டியிருக்கிறது. யாரைச் சந்தேகிப்பது?

முதல் ஆள், வேகம். கூடத்துக்கு வரும் வாயுவின் அளவு கூடினால் வேகம் கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அழுத்தம் குறைந்தாலும் வேகம் கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழுத்தம் 60 பாரிலிருந்து 40 பாருக்கு இறங்கினால், அதே அளவு வாயு சுமார் ஒன்றரை மடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். வேகமும் ஒன்றரை மடங்காகும். வாயுவின் அடர்த்தி குறைந்ததால் அனுமதிக்கத்தக்க வேகமும் கொஞ்சம் உயரும். ஆனால் அது ஒன்றரையின் வர்க்கமூலம், அதாவது 1.22 மடங்குதான். எனவே தன் கொள்ளளவில் 90 விழுக்காட்டில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த கலம், ஒரு துளி வாயுகூட அதிகமாக வராமலேயே 110 விழுக்காட்டுக்குப் போய்விடும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்கும் புரிந்துகொண்டவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரியும்.

இரண்டாம் ஆள், நுரை. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பாலின் அளவு கூடவில்லை, ஆனாலும் பாத்திரத்துக்கு வெளியே வழிகிறது. கலத்துக்குள்ளும் அப்படித்தான். நுண்ணிய துரு, உப்பு, எண்ணெய், துருத்தடுப்பு மருந்து ஆகியவை சேர்ந்தால் நுரை எழும்பி, கம்பி வலையைத் தொட்டு, வாயுவோடு போய்விடும். நுரையடக்கும் மருந்து ஊற்றலாம். ஆனால் அளவுக்கு மீறி ஊற்றினால் அதுவே நுரையைக் கூட்டிவிடும்.

மூன்றாம் ஆள், கம்பி வலை. அது கிழிந்திருக்கலாம், இடம் பெயர்ந்திருக்கலாம், அழுக்கால் அடைபட்டிருக்கலாம். வலைக்குக் கீழும் மேலும் உள்ள அழுத்த வேறுபாடு ஒரு துப்பு தரும். வழக்கத்தைவிட அதிகமென்றால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். குறைவென்றால் கிழிசலைச் சந்தேகிக்கலாம்.

நான்காம் ஆள், ஒழுகும் வழிகள். அடியில் உள்ள வடிகால் வால்வு முழுதாக மூடாமல் இருக்கலாம். வெப்பமாற்றியின் உள்ளே ஒரு குழாயில் ஊசித்துளை இருந்து, திரவம் மறுபக்கம் போகலாம். பம்பின் சீல் தேய்ந்திருக்கலாம். சூடு அதிகமாகித் திரவம் ஆவியாகி வேறு குழாய் வழியாக வெளியேறலாம்.

ஐந்தாம் ஆள்தான் மிகவும் தந்திரக்காரர். அவர் பெயர் அளவுமானி. திரவம் எங்கும் போகவில்லை. மட்டக் காட்டி தவறாகக் காட்டுகிறது. அல்லது திரவம் நிறைய இருக்கிறது. காட்டி குறைவாகச் சொல்கிறது. இரண்டாவது நிலை உயிரையே பறித்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் திறக்காதே, முதலில் எண்ணு

இந்த ஐந்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது மனித இயல்பு. பராமரிப்புப் பிரிவு வலை கிழிந்தது என்று சொல்லும். இயக்கப் பிரிவு நுரை என்று சொல்லும். மருந்து விற்பவர் இன்னொரு மருந்தைக் கொண்டுவருவார். கலத்தைத் திறந்து பார்த்துவிடலாம் என்று மேலாளர் சொல்வார். திறப்பது எளிதல்ல. வாயுவை நிறுத்தி, வெளியேற்றி, உள்ளே ஆள் இறங்கப் பாதுகாப்பாக்க நாட்கள் ஆகும். உள்ளே இறங்குவதும் ஆபத்தான வேலை.

வெளிநாட்டில் ஒரு சிறிய எரிவாயுக் கூடத்தில் வேலை பார்த்தபோது இதை நேரில் கண்டேன். பெயர் வேண்டாம். அங்கே டிரை எத்திலீன் கிளைக்கோல் என்ற திரவத்தைக் கொண்டு வாயுவின் ஈரத்தை எடுப்பார்கள். கோபுரத்தில் மேலிருந்து கிளைக்கோல் இறங்கும். கீழிருந்து ஈர வாயு ஏறும். கிளைக்கோல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அதைச் சூடாக்கித் தண்ணீரை ஆவியாக்கி விரட்டிவிட்டு, மீண்டும் கோபுரத்துக்கே அனுப்புவார்கள். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸிலும் இந்தக் கிளைக்கோல் சுமார் 285 டிகிரியிலும் கொதிப்பதால் பிரிப்பது சுலபம். ஆனாலும் சூட்டை 204 டிகிரிக்கு மேல் விடுவதில்லை. அதற்கு மேல் போனால் கிளைக்கோலே சிதையத் தொடங்கும்.

சரியாக ஓடும் கூடத்திலும் கொஞ்சம் கிளைக்கோல் குறையும். ஒரு மில்லியன் கன மீட்டர் வாயுவுக்கு சுமார் 13 லிட்டர் என்பது இத்துறையில் வழக்கமான அளவுகோல். அந்தக் கூடம் ஒரு நாளில் சுத்தம் செய்தது ஏறக்குறைய இரண்டு மில்லியன் கன மீட்டர். அப்படியென்றால் நாளொன்றுக்கு 26 லிட்டர் குறையலாம். அங்கேயோ நாளொன்றுக்கு ஒரு டிரம், அதாவது 200 லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 170 லிட்டருக்கு மேல் கணக்கில் இல்லை. நுரையடக்கும் மருந்து இரண்டு மடங்காகியிருந்தது. கோபுரத்தைத் திறக்கத் தேதியும் குறித்தாகிவிட்டது.

அங்கே இயக்குநராக வேலை செய்த ஒரு பெரியவர் காப்பார் தோட்டத்தில் பிறந்தவர். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் அழைப்போம். ஒரு நாள் தேநீர் வேளையில் என்னிடம் சொன்னார்:

“தங்கச்சி, கிளைக்கோல் என்ன கற்பூரமா, காத்துல கரைஞ்சு போறதுக்கு? ஊத்துற டிரம்மை எண்ணுறோம். வெளிய போறதை யாராச்சும் எண்ணுறோமா?”

“எங்கெங்க எண்ணணும்ணே?”

“போகக்கூடிய வழி எத்தனை இருக்கோ, அத்தனையிலயும் ஒரு வாளியை வைங்க.”

அடுத்த மூன்று நாட்கள் அதைத்தான் செய்தோம். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டோம். கூடம் அந்த வட்டத்துக்குள். வட்டத்தைக் கடக்கும் ஒவ்வொரு குழாயையும் எழுதினோம். ஒவ்வொரு தொட்டியின் மட்டத்தையும் தினமும் ஒரே நேரத்தில் குறித்தோம். சூடான திரவம் விரிவடையும் என்பதால் வெப்பநிலையையும் சேர்த்தே குறித்தோம். இல்லாவிட்டால் மதியம் எடுத்த அளவும் அதிகாலை எடுத்த அளவும் நம்மை ஏமாற்றிவிடும்.

கோபுரத்துக்கு அடுத்துள்ள பிரிப்புக் கலத்தின் வடிகாலில் ஒரு நாள் முழுவதும் சேர்ந்தது சில லிட்டர்தான். அப்படியென்றால் நுரையாகவோ கிழிந்த வலை வழியாகவோ பெருமளவு போகவில்லை. பம்புகளுக்கு அடியில் வைத்த வாளியில் விழுந்தது அதைவிடக் குறைவு. வெப்பமாற்றியில் அழுத்தச் சோதனை செய்தோம், ஒழுகல் இல்லை. மிஞ்சியது ஒரே வழி, தண்ணீர் ஆவி வெளியேறும் குழாய். அந்த ஆவியில் கொஞ்சத்தைக் குளிரவைத்துப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். தண்ணீர் மட்டுமே இருக்க வேண்டிய அதில் கிளைக்கோல் கணிசமாக இருந்தது.

அந்தக் குழாயின் உச்சியில் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் தண்ணீர் மட்டும் போகும். 120-ஐத் தாண்டினால் கிளைக்கோலும் கூடவே கிளம்பிவிடும். அங்கிருந்த வெப்பமானி 100 என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் வேறொரு வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 130. பழைய வெப்பமானியின் முள் சிக்கி நின்றிருக்கிறது. உச்சியைக் குளிர்விக்க வேண்டிய திரவத்தைச் சுற்றுவழியில் திருப்பிவிடும் வால்வு ஒன்று, முந்தைய பராமரிப்புக்குப் பிறகு திறந்தபடியே இருந்தது. அதை மூடி, வெப்பமானியை மாற்றினோம். ஒரு வாரத்தில் ஊற்றும் அளவு பழைய நிலைக்கு வந்தது. கோபுரத்தைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

அண்ணனிடம் சொன்னேன்: “கற்பூரம் மாதிரிதாண்ணே போயிருக்கு.” அவர் சிரித்தார். “ஆனா எந்த வழியா போச்சுனு இப்ப தெரியுதுல்ல?”

எண்ணாதபோது நடந்தவை

இது பண நட்டத்தோடு முடிந்த கதை. எல்லாக் கதைகளும் அப்படி முடிவதில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லாங்ஃபோர்டு என்ற ஊரில் எஸ்ஸோ நிறுவனத்தின் எரிவாயுக் கூடம் இருக்கிறது. 1998 செப்டம்பர் 25. அங்கே ஓர் உறிஞ்சு கோபுரத்தின் அடியில், வாயுவிலிருந்து பிரிந்த இலேசான எண்ணெய் இருக்க வேண்டிய மட்டத்தை மீறி உயர்ந்தது. அது போகக்கூடாத வழியில், வேறு திரவத்தோடு கலந்து வழிந்தது. அடுத்தடுத்த கலங்களில் நிலவரம் குலைந்தது. காலையில் சூடான எண்ணெயைச் சுற்றிவிடும் பம்புகள் நின்றன. சூடான எண்ணெய் வராததால், வழக்கமாகச் சூடாக இருக்க வேண்டிய ஒரு வெப்பமாற்றி பூஜ்யத்துக்குக் கீழே 48 டிகிரி வரை குளிர்ந்து, வெளிப்புறத்தில் பனி படிந்தது. அந்தக் குளிரில் எஃகு கண்ணாடியைப் போல எளிதில் உடையும் தன்மை பெற்றுவிடும். நண்பகலுக்குப் பிறகு சூடான எண்ணெயை மீண்டும் செலுத்தியபோது அது உடைந்தது. வெளியேறிய வாயு தீப்பற்றி வெடித்தது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். எட்டுப் பேர் காயமடைந்தார்கள். மாநிலமே ஏறக்குறைய மூன்று வாரம் எரிவாயு இல்லாமல் தவித்தது.

பிறகு நடந்தது மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். வேலையாட்களுக்குப் போதிய பயிற்சி கொடுத்திருந்தோம், தவறு அவர்களுடையது என்பதே நிறுவனத்தின் வாதமாக இருந்தது. விசாரித்த அரச ஆணையம் அதை ஏற்கவில்லை. குளிர்ந்த எஃகின் ஆபத்தைப் பற்றி வேலையாட்களுக்குச் சரியாகக் கற்பிக்கப்படவில்லை, அந்தக் கூடத்துக்கு முறையான ஆபத்து ஆய்வு செய்யப்படவில்லை என்று 1999-இல் வெளிவந்த அதன் அறிக்கை சொன்னது. பொறியாளர்களை ஆண்டுகளுக்கு முன்பே கூடத்திலிருந்து மெல்பர்ன் நகருக்கு மாற்றிவிட்டிருந்ததையும் அது சுட்டிக்காட்டியது.

இரண்டாவது நிகழ்வு, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி நகரில் இருந்த பிபி சுத்திகரிப்பு ஆலை. 2005 மார்ச் 23. பழுதுபார்ப்புக்குப் பிறகு ஒரு கோபுரத்தை மீண்டும் இயக்கினார்கள். சுமார் 52 மீட்டர் உயரக் கோபுரம் அது. அடியில் 2 மீட்டர் அளவுக்கே திரவம் இருக்க வேண்டும். உள்ளே திரவம் போய்க்கொண்டே இருந்தது. மணிக்கணக்கில் வெளியே எதுவும் வரவில்லை. திரவம் 48 மீட்டர் வரை ஏறியது. மட்டக் காட்டியோ மூன்று மீட்டருக்கும் குறைவாகக் காட்டியது. அது மட்டுமல்ல, மட்டம் இறங்குவதாகவும் காட்டியது.

ஏன்? அந்தக் காட்டி மிதப்பு விசையால் வேலை செய்வது. அதன் மிதவை முழுவதும் மூழ்கிவிட்டால், மேலே எத்தனை மீட்டர் திரவம் இருந்தாலும் அதற்குத் தெரியாது. திரவம் சூடேறி அடர்த்தி குறைந்தபோது மிதப்பு விசையும் குறைந்தது; மட்டம் இறங்குகிறது என்று காட்டி சொன்னது. படிவம் 5 இயற்பியலில் படிக்கும் ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான் இது. கடைசியில் திரவம் கோபுரத்தின் உச்சியைத் தாண்டி வழிந்து, வெளியேற்றும் புகைபோக்கி வழியாகப் பீறிட்டுத் தீப்பற்றியது. 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள்.

விசாரணையில் தெரியவந்த ஒரு செய்தி எனக்கு எப்போதும் நினைவில் நிற்கிறது. உள்ளே போகும் திரவத்தின் அளவு ஒரு திரையிலும் வெளியே வரும் அளவு வேறொரு திரையிலும் இருந்தன. இரண்டையும் கழித்து, கோபுரத்தில் இப்போது எவ்வளவு திரவம் இருக்கிறது என்று சொல்லும் கணக்கு எந்தத் திரையிலும் இல்லை. ஆண்டு 4 பிள்ளை போடக்கூடிய கழித்தல் கணக்கு. அதைப் போட்டிருந்தால், காட்டி என்ன பொய் சொன்னாலும் பிடிபட்டிருக்கும்.

கணக்கு ஏன் மனிதரைக் காக்கிறது

பொருள் அழியாது என்ற விதியைப் பள்ளியில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகிறோம். உள்ளே வந்தது, வெளியே போனது, உள்ளே தங்கியது. இந்த மூன்றும் பொருந்தியே ஆக வேண்டும். பொருந்தவில்லை என்றால், ஏதோ ஒரு வழியை நாம் எழுதவில்லை, அல்லது ஏதோ ஒரு கருவி பொய் சொல்கிறது. மூன்றாவது காரணம் கிடையாது. செயல்முறைப் பொறியியலின் முதல் பாடம் இதுதான். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரும் சிக்கலான நாளில் திரும்பிப் போவது இதற்குத்தான்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கணக்கு இல்லாத இடத்தில் ஊகம் ஆட்சி செய்யும். ஊகம் ஆட்சி செய்யும் இடத்தில் பழி கீழே இருப்பவர் தலையில்தான் முதலில் விழும். “ராத்திரி ஷிப்டுல யாரு இருந்தது?” என்பதே அங்கே முதல் கேள்வியாக இருக்கும். தோட்டத்திலிருந்தும் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலிருந்தும் வந்து, இயக்குநராகவும் தொழில்நுட்பராகவும் வேலை பார்க்கும் நம்மவர்கள் இதை நன்றாக அறிவார்கள். தேதி, நேரம், அளவு, கையெழுத்து என்று ஒழுங்காக எழுதிய ஒரு பதிவேடு அவர்களுக்குச் சட்டை போன்ற பாதுகாப்பு. கருவி காட்டியதை அப்படியே எழுதுவதோடு நில்லாமல், அது நம்பத்தக்கதா என்று இன்னொரு வழியில் சோதித்துப் பார்ப்பவர், தன்னையும் காப்பாற்றுகிறார். பக்கத்தில் நிற்பவரையும் காப்பாற்றுகிறார்.

இந்தத் துறைக்கு வர விரும்பினால்

வேதியியல் பொறியியல் என்றதும் சோதனைக் குழாயும் வெள்ளைக் கோட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உண்மையில் பம்பு, வால்வு, குழாய், வெப்பம், கணக்கு ஆகியவையே அதன் பெரும்பகுதி. மலாயாப் பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.டி.எம்., பேராக் ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டம் இல்லாமலும் வரலாம். கூடங்களை நாள்தோறும் ஓட்டுபவர்கள் தொழில்நுட்பர்கள். அவர்களுக்கான பயிற்சி நிலையமான இன்ஸ்டெப், திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய நான்கையும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்வி நிலையம் என்ன தகுதி கேட்கிறது என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் நான் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “ஒரு தொட்டியில் மட்டம் குறைந்துகொண்டே வருகிறது. என்ன செய்வீர்கள்?” உடனே பழுதின் பெயரைச் சொல்பவர்கள் பலர். “அந்த மட்டக் காட்டியை எதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்?” என்று என்னைத் திருப்பிக் கேட்பவர்கள் சிலர். அந்தச் சிலரைத்தான் குழுவில் சேர்த்துக்கொள்ள மனம் வரும்.

இதற்குப் பல்கலைக்கழகம் வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே உங்கள் வீட்டில் பயிற்சி செய்யலாம். எல்லாரும் படுத்த பிறகு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, வாசலில் உள்ள தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மீண்டும் பாருங்கள். எண் மாறியிருந்தால், உங்கள் வீட்டிலும் ஒரு திரவம் காணாமல் போகிறது. கழிப்பறைத் தொட்டியா, தோட்டக் குழாயா, கூரை மேலுள்ள தொட்டியின் மிதவை வால்வா? உடனே தச்சரையோ குழாய்க்காரரையோ கூப்பிட வேண்டாம். முதலில் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு, தண்ணீர் வெளியே போகக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். மறுநாள் இரவு கழிப்பறைத் தொட்டியின் வால்வை மட்டும் மூடிப் பாருங்கள். அதற்கடுத்த இரவு இன்னொன்றை. மூன்று நான்கு நாளில் ஆள் பிடிபட்டுவிடுவார்.